தாடிக்காரன் தங்கிய பத்து நாள்

எலுமிச்சங்காய் ஊறுகாயில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க வழி சொல்வதாகச் சென்ற இதழில் வாக்குக் கொடுத்திருந்தேன். சகோதரிகள் மன்னிக்க வேண்டும். ஊறுகாய் இன்னும் பதினைந்து நாள் ஊறினால் ருசிதான் கூடும். அதற்குள் எங்கள் வீட்டில் ஒரு விவகாரம் கிளம்பி, ஒருவழியாக அடங்கியும் விட்டது. சூட்டோடு சூடாக எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. "வீட்டுக்கு நாய் வாங்கலாமா? வாங்கினால் எந்த நாய்?" என்பதுதான் விவகாரம்.

ஆரம்பித்து வைத்தவள் என் மகள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். நங்கநல்லூரில் ஒரு தோழி வீட்டில் ஒரு நாயைப் பார்த்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து ஒரு மாதம், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் அதே பேச்சு. மினியேச்சர் ஷ்னாசர் என்று பெயராம். என் மாமியாருக்கு அது வாயில் நுழையவில்லை. "என்னது, சுண்ணாம்பா?" என்றார். போனில் படத்தைக் காட்டினாள். ஒரு அடி உயரம் இருக்கும். உப்பும் மிளகும் கலந்தாற்போல் ஒரு நிறம். புதர் மாதிரி புருவம், தொங்கு மீசை, தாடி. ரிட்டயர் ஆன தமிழ் வாத்தியார் ஒருவர் நம்மை முறைத்துப் பார்ப்பது போலவே இருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"முடியே கொட்டாதும்மா. சின்ன நாய், ஃப்ளாட்டுக்கு ஏத்தது. குழந்தைங்களோட நல்லாப் பழகும். நானே வாக்கிங் கூட்டிப் போறேன், நானே குளிப்பாட்டறேன்" என்று மகள் அடுக்கினாள். இந்த "நானே"யை எத்தனை வீடுகளில் எத்தனை அம்மாக்கள் கேட்டிருப்பார்கள்!

என் வீட்டுக்காரர் கட்சி வேறு. அவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம். "நாய்னா ராஜபாளையம். நம்ம ஊர் நாய் தபால் தலையிலயே வந்திருக்கு தெரியுமா?" என்று கிளம்பிவிட்டார். வாஸ்தவம்தான். 2005-ல் தபால் துறை இந்திய நாய் இனங்களுக்குத் தபால் தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் ஒன்று. சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் தென்பாண்டிச் சீமைக்கே உரிய ஜாதிகள் இன்னும் இருக்கின்றன. சைதாப்பேட்டையில் இவற்றை வளர்த்துக் கொடுக்க அரசாங்கமே ஒரு பண்ணை வைத்திருந்தது. 2016-ல் அதை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இதையெல்லாம் சொல்லும்போது அவர் முகத்தில் தெரிந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே!

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அது தோட்டத்திலயும் கரிசல் காட்டுலயும் ஓடற நாய். நம்ம ஹாலோட நீளம் பதினாறு அடி. அது எங்கே ஓடும்?" அவர் பேப்பரை எடுத்துப் பிரித்துக்கொண்டார்.

எங்கள் வீடு ஆதம்பாக்கத்தில், என்.ஜி.ஓ. காலனி பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். கீழ்த்தளத்தில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட். அதில் நாங்கள் இருவர், மகள், ஐந்தாவது படிக்கும் மகன், எழுபத்தெட்டு வயது மாமியார். நாய் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு இடப் பற்றாக்குறை ஒன்றுதான் காரணம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். உண்மைக் காரணத்தை அப்போது நான் சொல்லவில்லை. பின்னால் சொல்கிறேன்.

இந்தச் சமயத்தில்தான் ஆவணி பிறந்தது. அந்தத் தோழியின் அம்மா போன் செய்தார். கோயம்புத்தூரில் நாத்தனார் பெண்ணுக்குக் கல்யாணம். பத்து நாள் போகிறார்கள். "அக்கா, ஆஸ்கரைக் கூண்டு வச்சிருக்கற இடத்துல விட மனசு வரலை. உங்க பொண்ணுகிட்ட நல்லா ஒட்டிக்கிட்டான்..." என்று இழுத்தார். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. புடவை வாங்கும்போது தோளில் போட்டுப் பார்க்கிறோம். பன்னிரண்டிலிருந்து பதினைந்து வருஷம் நம்மோடு வாழப்போகிற ஜீவனைப் படத்தைப் பார்த்தே வாங்கிவிடுகிறோமே! பத்து நாள் வைத்துப் பார்த்துவிட்டால் என்ன? சரி என்றேன்.

ஆஸ்கர் வந்தான். ஏழு கிலோ. நான்கு வயது. ஒரு படுக்கை, இரண்டு கிண்ணம், ஒரு மூட்டை உணவு, சீப்பு இரண்டு தினுசு, பந்து, அதோடு இங்கிலீஷில் டைப் அடித்த ஒரு காகிதம். காகிதத்தை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். மாமியார் அவனை மேலும் கீழும் பார்த்தார். அவனும் அவரை அப்படியே பார்த்தான். "ஆஸ்கராவது ஈஸ்கராவது. வாடா தாடிக்காரா" என்றார். பத்து நாளும் அதுதான் பெயர்.

முதல் விஷயம், சத்தம். மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்குப் பால் பாக்கெட் போடுகிற பையன் கேட்டைத் தொட்டதும் வீடே அதிர்ந்தது. அப்புறம் பேப்பர்காரர், குப்பை வண்டி, இஸ்திரிக்காரர், எதிர் வீட்டு ஸ்கூட்டர், மதிற்சுவர்ப் பூனை. காலிங் பெல் அடித்தால் கேட்கவே வேண்டாம். சின்ன நாய்க்குச் சின்னக் குரல் என்று நினைத்திருந்தேன். தப்பு. இந்த ஜாதியே வாயாடி. ஜெர்மனியில் நூறு நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்பு, பெரிய ஷ்னாசர் நாயைச் சிறியதாக்கி வளர்த்து, பண்ணை வீடுகளில் எலி பிடிக்கவும் ஆள் வந்தால் குரல் கொடுக்கவும் வைத்திருந்தார்களாம். ஜெர்மன் மொழியில் 'ஷ்னாட்ஸ' என்றால் விலங்கின் முகவாய். தாடி மீசையோடு அந்த முகவாய் எடுப்பாக இருப்பதால் பெயரும் அப்படி.

எலி பிடிக்கிற புத்தி நூறு வருஷத்தில் எங்கே போய்விடும்? எங்கள் சம்ப் பக்கத்தில் ஒரு பெருச்சாளி வளை உண்டு. மூன்றாம் நாள் ராத்திரி அதன் வாசனை பட்டுவிட்டது. சிமென்ட் தரையைப் பிறாண்டி, மூக்கைக் கொண்டு போய்ச் சந்தில் திணித்து, இழுத்து வருவதற்குள் என் கை ஓய்ந்துவிட்டது. மகனுக்கு ஒரே குதூகலம். எனக்கோ வயிற்றைக் கலக்கியது. எலியின் மூத்திரத்திலிருந்து நாய்க்கும் எலிக்காய்ச்சல் வரும். அதற்கும் தடுப்பூசி உண்டு. பெருச்சாளி நடமாடும் நம் பேட்டைகளில் நாய் வைத்திருப்பவர்கள் ரேபிஸ் ஊசியோடு அதையும் கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது.

நான்காம் நாள் மாடி வீட்டுப் பெண் வந்தாள். ஆறு மாதக் கைக்குழந்தைக்காரி. சண்டைக்கு வரவில்லை. "ஆன்ட்டி, காலையில மட்டும் கொஞ்சம்..." என்று நின்றாள். குடியிருப்போர் சங்கம் 'நாயே வைத்திருக்கக் கூடாது' என்று தடை போட முடியாது என்று 2015-ல் இந்திய விலங்குகள் நல வாரியம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. (இந்த வாரியத்தை 1962-ல் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக இருந்தவர் நம் அடையாறு கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல் என்பது நம் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு பெருமை.) சட்டம் நம் பக்கம் இருக்கலாம். அதற்காக மாடி வீட்டுக் குழந்தை தூங்க வேண்டாமா? அன்றிலிருந்து பால் பாக்கெட் பையை கேட்டில் மாட்டாமல் தெருமுனையில் போய் நானே வாங்கிக்கொண்டேன். விடிகாலைச் சத்தம் பாதி குறைந்தது.

இனி அந்த முடி. மகள் சொன்னது பெரும்பாலும் சரி. சோபாவில், புடவையில் முடியே இல்லை. ஆனால் கொட்டாத முடி எங்கே போகும்? வளர்ந்துகொண்டே இருக்கும். வெளியே கம்பி மாதிரி ஒரு அடுக்கு, உள்ளே மெத்தென்று இன்னொரு அடுக்கு. இரண்டு நாள் சீப்புப் போடாவிட்டால் அக்குளிலும் காலிலும் சிக்கு விழுந்துவிடுகிறது. ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவை முடி திருத்தவும் வேண்டும். வேளச்சேரிப் பக்கம் ஒரு கடையில் விசாரித்தேன். ஒரு தடவைக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். என் வீட்டுக்காரர் இருநூறு ரூபாய்க்கு முடி வெட்டிக்கொள்கிறவர். "இவனுக்கு மட்டும் ராஜ வைத்தியமா?" என்றார். தாடி வேறு தனி உத்தியோகம். தண்ணீர் குடித்ததும் தாடியில் அரை டம்ளர் தண்ணீரோடு வருவான். கூடம் முழுக்கச் சொட்டும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் ஈரத் தரை எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்குத் தெரியும். பழைய வேட்டியைக் கிழித்துத் தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கத்திலேயே மாட்டி வைத்து, குடித்தவுடன் துடைத்துவிட்டோம். கழுத்துப் பட்டையில் ஒரு சின்ன சலங்கை கோத்துவிட்டேன். காலடியிலேயே சுற்றுகிற நாய் வருவது மாமியார் காதுக்குத் தெரிய வேண்டுமே.

முடி கொட்டாத நாய் என்றால் ஆஸ்துமா, தும்மல் உள்ளவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. ஒவ்வாமைக்குக் காரணம் முடி மட்டுமல்ல. நாயின் எச்சிலும் தோலிலிருந்து உதிரும் தூசும்தான். அப்படிப்பட்டவர்கள் வீட்டில் இருந்தால், வாங்குவதற்கு முன்னால் அந்த நாயோடு நாலைந்து மணி நேரம், நாலைந்து தடவை இருந்து பார்ப்பதே மேல்.

பழகும் விதத்தில் குறை சொல்ல முடியாது. மகன் வீட்டுப் பாடம் எழுதும்போது அவன் காலில் தலை வைத்துப் படுத்துக்கொள்வான். இரண்டே நாளில் 'உட்கார்' என்று தமிழில் சொன்னால் உட்கார்ந்தான். மாமியார் காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது ஒவ்வொரு தொட்டியாகக் கூடவே போவான். மத்தியானம் அவர் சீரியல் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவனும் பார்ப்பான். எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு மாமியார் யாரோடும் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஊர்க்கதை, மாமனார் கதை, 2015 வெள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்ற கதை எல்லாம் தாடிக்காரனுக்குச் சொல்லியாயிற்று.

ஐந்தாம் நாள் கோகுலாஷ்டமி வந்தது.

வீடு முழுக்கச் சின்னக் கண்ணன் பாதம். சீடை, முறுக்கு, அதிரசம், ஒரு கிண்ணம் நிறைய வெண்ணெய். பூஜை முடிந்து நான் அடுப்படியில் இருந்தேன். மாமியாருக்கு யார் வாய்க்கும் ஏதாவது போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், அவர் அன்பு காட்டுவதே அப்படித்தான். கண்ணனுக்கு வைத்த வெண்ணெயைத் தாடிக்காரனுக்கும் ஒரு உருண்டை. நக்கி நக்கித் தின்கிற அழகைப் பார்த்து இன்னொரு உருண்டை. அப்புறம் அதிரசம்.

மறுநாள் காலை, "ஏம்மா, இங்க வந்து பாரேன்! சாமி கும்பிடுது!" என்று கூப்பிட்டார். ஓடிப் போனேன். பூஜை அலமாரிக்கு முன்னால், முன்னங்கால் இரண்டையும் தரையில் நீட்டி, நெஞ்சைத் தரையில் பதித்து, பின்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றான். அச்சாக நமஸ்காரம். மாமியார் கண்ணில் நீர். மகள் படம் பிடித்தாள். ஐந்து நிமிஷம் ஆயிற்று. அவன் எழுந்திருக்கவில்லை. எழுந்தான், இரண்டடி நடந்தான், மறுபடி அதே நமஸ்காரம். பிறகு வாந்தி. மஞ்சளாக, நுரையாக.

எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. காரணத்தை இப்போது சொல்கிறேன்.

2012-ல் எங்கள் வீட்டில் மணி என்று ஒரு நாய் இருந்தது. வெள்ளைப் பொமரேனியன். மகள் அப்போது கைக்குழந்தை. ஒரு நாள் மணியின் காதுக்குள் உண்ணி ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். குழந்தைக்கும் காய்ச்சல், ராத்திரித் தூக்கமில்லை. அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன். இரண்டு வாரத்தில் மணி சாப்பாட்டைக் குறைத்தது. சித்திரை வெயில், அதனால்தான் என்றேன். ஈறு வெளுத்தது. ஒரு நாள் விடிகாலை மூக்கிலிருந்து ரத்தம். டாக்டரிடம் கொண்டு போனபோது உண்ணிக் காய்ச்சல், முற்றிவிட்டது என்றார். முன்பே வந்திருந்தால் சாதாரண மாத்திரையிலேயே சரியாகியிருக்கக்கூடும் என்றும் சொன்னார். என் வீட்டுக்காரரிடம் "திடீர்னு வந்த காய்ச்சல்" என்று சொன்னேனே தவிர, உண்ணியைப் பார்த்தும் விட்டேன் என்று சொல்லவில்லை. இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை.

இந்தத் தடவை 'அப்புறம்' என்று சொல்லவில்லை. ஆட்டோவில் போட்டுக்கொண்டு போய்விட்டேன். டாக்டர் வயிற்றை மெல்ல அமுக்கினார். அவன் முனகினான். "ஷ்னாசரா? என்ன சாப்பிட்டான்?" என்றுதான் முதல் கேள்வி. ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் தெளியவிட்டு என்னிடம் காட்டினார். தெளிந்த ரத்தத்தின் மேலே நிற்கிற நீர், இளமஞ்சளாகக் கண்ணாடி போல இருக்க வேண்டுமாம். இவனுடையது நீர்மோர் போல வெள்ளையாக இருந்தது. அத்தனையும் கொழுப்பு. இந்த ஜாதி நாய்களில் பலவற்றுக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் கொழுப்பு ஏறும் தன்மை உண்டாம். அதன் மேல் வெண்ணெயும் எண்ணெய்ப் பலகாரமும் போனால் கணையம் வீங்கிவிடும். நமஸ்காரம் என்று நாம் நினைத்தது வயிற்று வலி தாங்காமல் அது உடம்பை வளைக்கிற விதம். முற்றினால் உயிருக்கே ஆபத்து. இதோடு மூத்திரப்பைக் கல், சர்க்கரை வியாதி, கண்புரை ஆகியவையும் இந்த ஜாதியில் மற்றவற்றைவிடச் சற்று அதிகமாக வருமாம்.

நல்ல வேளை, சீக்கிரம் போனோம். இரண்டு நாள் டிரிப்ஸ், ஊசி, பிறகு குழைந்த சாதமும் வேகவைத்த பூசணியும் கொஞ்சம் கொஞ்சமாக. நாலாயிரத்து இருநூறு ரூபாய் ஆயிற்று. பணத்தை விடுங்கள். கோயம்புத்தூருக்குப் போன் செய்து சொல்ல வேண்டியிருந்ததே, அதுதான் கஷ்டம். அந்த அம்மாள் கோபிக்கவில்லை. "பேப்பர்ல எழுதியிருந்தேனே அக்கா" என்று மட்டும் சொன்னார். எழுதித்தான் இருந்தது. நான்காவது வரியில், எண்ணெய், நெய், வெண்ணெய் எதுவும் கூடாது என்று, இங்கிலீஷில். நான் படித்தேன். மகள் படித்தாள். பகல் முழுக்க அவனோடு இருக்கிறவர் மாமியார். அவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். அவருக்கு வாசித்துக் காட்ட யாருக்கும் தோன்றவில்லை.

அன்று ராத்திரி மாமியார் சாப்பிடவில்லை. "வாயில்லா ஜீவனை நானே கொன்னிருப்பேனே" என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மணியின் கதையைச் சொன்னேன். உண்ணியைப் பார்த்ததையும் சேர்த்து. கதவோரம் அவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு தட்டில் தோசை போட்டுக் கொண்டுவந்து வைத்தார். சரியாக வேகவில்லை. இருந்தாலும் இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

மறுநாள் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிப் பூஜை அலமாரிக் கதவிலேயே ஒட்டினேன். நாய் எந்த ஜாதியாக இருந்தாலும் உதவும் என்பதால் இங்கே சொல்கிறேன். வெங்காயம், பூண்டு கூடாது. அதாவது நம் சாம்பார், ரசம், குருமா எதுவுமே கூடாது. திராட்சை, உலர்ந்த திராட்சை கூடவே கூடாது, சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். பாயசத்திலும் கேசரியிலும் அதுதானே கிடக்கிறது! சாக்லேட் கூடாது. சர்க்கரை இல்லாத சூயிங்கம் மிட்டாயில் போடும் சைலிடால் பெரிய விஷம். ஆசைக்குக் கொடுக்க வேண்டுமென்றால் கேரட் துண்டு, வெள்ளரிக்காய், விதை எடுத்த ஆப்பிள்.

பத்தாம் நாள் ராத்திரி குடும்ப மாநாடு கூடியது. என்னிடம் வரவு செலவு நோட்டு ஒன்று உண்டு. அதன் கடைசிப் பக்கத்தில் இந்தப் பத்து நாளும் ஒரு கணக்கு எழுதி வந்தேன். காலை, மாலை என்று இருபது தடவை அவனை வெளியே கூட்டிப் போக வேண்டியிருந்தது. மகள் நாலு, மகன் மூன்று, அவர் இரண்டு, நான் பதினொன்று. மகளைக் குற்றம் சொல்லவில்லை. டியூஷன், டெஸ்ட், மழை. அதோடு முதல் நாளே ஏரிக்கரைப் பக்கம் நாலு தெருநாய்கள் சூழ்ந்துகொண்டதில் பயந்துவிட்டாள். நம் ஊர் வெயிலுக்குக் காலை ஆறரைக்கு மேல் நாயை நடத்த முடியாது என்பதும் ஒரு கஷ்டம். தார் ரோட்டில் புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது.

நோட்டைப் பார்த்து மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப வேணாம்கறியா?" என்றாள்.

நான் இன்னொரு கணக்கும் சொன்னேன். "நீ மூணரை வருஷத்துல காலேஜ் போயிடுவே. எந்த ஊரோ. குட்டி அப்பத்தான் வாலிபத்துக்கு வரும். அதுக்கப்புறம் பத்து வருஷம், எனக்கு அறுபது வயசு ஆற வரைக்கும் அது என் நாய். உன் நாயை நான் வளர்க்கறதுன்னா, எனக்கு எந்த நாய் முடியும்னு நான்தானே சொல்லணும்?"

குட்டிக்கு எங்களிடம் சொன்ன விலை நாற்பத்தைந்தாயிரம். விற்கிற ஆளிடம் தாய் நாயைக் காட்டச் சொன்னேன். "அது வேற ஊர்ல இருக்கு" என்றார். ஆறு வாரக் குட்டி, இன்றே எடுத்துக்கொண்டு போகலாம் என்றார். 2017-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. வளர்த்து விற்கிறவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழ் கேட்டேன். போனை வைத்துவிட்டார். அதுவும் நல்லதற்கே. இந்த ஜாதியில்தான் வாங்குவது என்றிருப்பவர்கள் தாயையும் தகப்பனையும் பார்த்து, அவற்றின் ரத்தக் கொழுப்பு, கண், மூத்திரக்கல் பற்றித் துருவித் துருவிக் கேளுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அவர் "அப்ப ராஜபாளையம்?" என்று மெதுவாக ஆரம்பித்தார். யாரும் பதில் சொல்லவில்லை.

மகன்தான், "கிண்டி புளூ கிராஸ்ல நாய்க்குட்டி குடுப்பாங்களாமே. காசே வேணாமாமே" என்றான். 1964-ல் பதிவான சங்கம், எங்களுக்குக் கூப்பிடு தூரம். நாட்டு நாய்க்கு நம் வெயில் பழக்கம். ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை சலூனும் தேவையில்லை. எனக்கும் அதில்தான் மனம் போகிறது. ஆனால் அதற்கும் வருஷா வருஷம் ஊசி, உண்ணி மருந்து, மாநகராட்சி உரிமம், இருபது தடவை நடை எல்லாம் அப்படியே உண்டு.

கடைசியில் மாமியார் கேட்டார்: "என்னாலதான் வேணாம்கறீங்களா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "இந்த ஜாதி வேணாம்னு சொல்றதுக்கு அதுவும் ஒரு காரணம், அத்தை. நீங்க மட்டும் இல்லை. நம்ம வீடே அப்படித்தான். மாசத்துக்கு நாலு பண்டிகை. அடுப்புல எண்ணெய்ச் சட்டி. வர்றவங்க எல்லாரும் கையில இருக்கறதைக் குடுப்பாங்க. இவனுக்கு அது விஷம்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். கோபம் இல்லை என்று நினைக்கிறேன். இருந்தாலும் சொல்லத்தானே வேண்டும்.

இந்த வருஷம் எந்த நாயும் இல்லை என்று முடிவாயிற்று. மகளின் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த பிறகு மறுபடி உட்கார்ந்து பேசுவோம். அதுவரை ஞாயிற்றுக்கிழமை தோறும் நங்கநல்லூர் போய் ஆஸ்கரை நடக்க அழைத்துப் போவது அவள் பொறுப்பு. இதுவரை ஆறு ஞாயிறு ஆயிற்று. ஐந்து தடவை போயிருக்கிறாள். நோட்டில் எழுதி வருகிறேன்.

பதினோராம் நாள் அவர்கள் வந்து அவனை அழைத்துப் போனார்கள். எசமானியைப் பார்த்ததும் எங்களை மறந்துவிட்டான். அப்படித்தானே இருக்க வேண்டும். சலங்கையைக் கழற்றிக்கொள்ள மறந்துவிட்டேன். பரவாயில்லை, அவன் கழுத்திலேயே இருக்கட்டும் என்றார் மாமியார்.

தீபாவளிக்கு வெடிச் சத்தம் என்று அவர்கள் எங்கும் போகப் போவதில்லை. பொங்கலுக்கு ஐந்து நாள் கோயம்புத்தூர் போகிறார்களாம். அவன் எங்களிடம்தான் வருகிறான். நேற்று மளிகைக்கு லிஸ்ட் எழுதிக்கொண்டிருந்தேன். மாமியார் எட்டிப் பார்த்து, "பொங்கலுக்குக் கேரட்டு ரெண்டு கிலோ சேர்த்து எழுதிக்கோ" என்றார். பொங்கலுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.